அப்பா பின்னிய ஸ்வெட்டரும் எனக்குச் சொல்லாத சேதியும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைவதை ஒட்டி இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. முறைப்படி இது பதினாறாம் நாள் காரியத்தன்றே வந்திருக்க வேண்டும். அச்சகத்தில் சொல்லி, படம் கொடுத்து, அட்டையின் நிறம்கூடத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. கட்டுரையை மட்டும் நான் எழுதித் தரவில்லை. கடைசிப் பக்கத்தில், உடனிருந்து உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார்கள். அந்த நன்றியை அன்று என்னால் எழுத முடியவில்லை. உதவியவர்களும் நீங்கள்தான், என்னிடம் மறைத்தவர்களும் நீங்கள்தான். இரண்டையும் ஒரே பக்கத்தில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் சரியாகத் தெரியாது. ஆனால் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட அச்சில் இல்லாமல் இரண்டாம் வருடத்துக்குள் போகக் கூடாது என்று அம்மா சொன்னார்கள். எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது பட்டினப்பாக்கத்தில். தாத்தா சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவர். நான்கு பிள்ளைகளில் அப்பா மூத்தவர். பள்ளியில் சேர்த்த மூன்றாம் மாதமே தாத்தாவுக்குக் கால் முறிந்தது. அப்பா பலகையை வைத்துவிட்டு மீன் கூடை தூக்கப் போனார். அதன் பிறகு அவர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது என்னைச் சேர்க்க வந்தபோதுதான். பதினெட்டு வயதில் வாடகை ஆட்டோ, முப்பத்தைந்து வயதில் சொந்த ஆட்டோ. மயிலாப்பூர் தெப்பக்குளத்தோரம் உள்ள ஆட்டோ நிறுத்தத்தில் இருபத்தாறு வருடம் இருந்தார். பேருந்தின் எண் தெரியும். தெருப் பலகையில் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பார். அவ்வளவுதான் அவருடைய படிப்பு.

என்னையும் தங்கை மீனாவையும் அவர் படிக்க வைத்தார். எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் நான்தான் படித்துச் சொல்வேன். மின்சார வாரியக் கடிதம், இன்சூரன்ஸ் தாள், மருந்துச் சீட்டு, ஆட்டோ நிறுத்தத்து மாமாக்களின் வீட்டுக் காகிதம், எல்லாம். "படிச்சி சொல்லு நைனா" என்று அப்பா நீட்டுவார். எங்கள் வீட்டில் எழுத்தாக வரும் எந்தச் சேதியும் என் கண்ணைத் தாண்டித்தான் மற்றவர்களுக்குப் போகும் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கும் உல்லன் நூலுக்கும் உறவு ஏற்பட்ட கதையை உங்களில் சிலர் பல விதமாகச் சொல்வீர்கள். நான் உடனிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நான் பத்தாவது படிக்கும்போது லஸ் அருகே ஒரு பேருந்து அப்பாவின் ஆட்டோவை உரசியது. வலது கையில் எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகு மூன்று விரல்கள் மடங்கவில்லை. அரசு மருத்துவமனையில் விரல் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்திக்கொண்டே இருக்கச் சொன்னார். இரண்டு நாளில் அப்பாவுக்குச் சலித்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் காத்திருந்த ஒரு பெண்மணி குரோஷா ஊசியால் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். நுனியில் சின்னக் கொக்கி உள்ள ஒற்றை ஊசி அது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டாக்டரம்மா, பந்த அழுத்தறதுக்கு பதிலா இத்த பண்லாமா?"

"பண்ணுங்க. விரல் ஆடினா சரி."

அந்தப் பெண்மணி தன் பையிலிருந்து இன்னொரு ஊசியையும் மீந்த நூலுருண்டையையும் எடுத்துக் கொடுத்தார். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் இந்தப் பக்கத்தில் வணக்கம்.

அவர் சொல்லிக் கொடுத்தது ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுப்பது மட்டுமே. வரி முடிந்ததும் திரும்புவது எப்படி என்று சொல்வதற்குள் அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் அப்பா திரும்பாமலே போனார். ஒரு மாதம், ஒரே சங்கிலி. எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்து தண்ணீர்க் குழாய்வரை போய்த் திரும்பும் நீளத்துக்குச் சிவப்புச் சங்கிலி. நிறுத்தத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னா தலீவா, கோயில் தேர இழுக்கப் போறியா?" என்று கேட்டவர் ஏழுமலை மாமா.

"உன் வாயக் கட்டத்தான் மச்சி. அளவு பத்தல, இன்னும் போட்டுகினு கீறேன்."

பிறகு என் செல்போனில் குரோஷா வீடியோக்களைக் கண்டுபிடித்தார். என்ன மொழி என்று எனக்கே புரியாத வீடியோக்கள். சத்தத்தை அணைத்துவிடுவார். "வாயப் பாத்தாத்தான் பாஷ வேணும் நைனா. கையப் பாத்தா போதும்." வரி திரும்பக் கற்றார். வட்டம் கற்றார். விரல்கள் மடங்கின. மருத்துவமனைக்குப் போவது நின்றது, பின்னுவது நிற்கவில்லை.

அந்த ஆறேழு வருடங்கள் எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்தை எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். தி.நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு நூல் கடை. மாதம் ஒரு முறை அப்பா எங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார். உருண்டைகளைக் கையால் தொட்டுப் பார்க்க மாட்டார். "நம்ம கை காச்சுப் போன கை. அதுக்கு எல்லாமே மெத்துனுதான் தெரியும்" என்று சொல்லி, ஒவ்வொன்றையும் கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். கழுத்தில் குத்தாத நூல்தான் நல்ல நூல். கடைக்காரப் பெண் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள்: "அண்ணா, வாங்கப் போறீங்களா, இல்ல மால மாத்திக்கப் போறீங்களா?" அம்மா அந்தச் சந்திலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

அம்மாவின் சாப்பாட்டுப் பைக்கு உறை, மீனாவுக்குத் தலைப் பட்டை, நிறுத்தத்தில் எல்லா ஆட்டோவின் கைப்பிடிக்கும் மேலுறை, இட்லிக் கடை அக்காவின் குழந்தைக்குத் தொப்பி, சிக்னல் போலீஸ்காரரின் தண்ணீர் பாட்டிலுக்குத் தோள்வாருடன் ஒரு பை. யாரும் கேட்டதில்லை. கேட்பவர்களுக்குச் செய்யவும் மாட்டார். "கேட்டுக் குடுத்தா அது ஆர்டரு. கேக்காம குடுத்தாத்தான் பிரியம்." கொடுத்த பிறகு அந்தப் பக்கமாகப் போய், உபயோகிக்கிறார்களா என்று வேவு பார்ப்பார். போலீஸ்காரர் ஒருநாள் அந்தப் பையை எடுத்து வராமல்போக, அப்பா சிக்னலில் வண்டியை நிறுத்திக் கேட்டு, பின்னால் வந்தவர்களிடம் வசவு வாங்கினார்.

ஒரு வழக்கம் வைத்திருந்தார். எதைப் பின்னினாலும் கடைசி நூலை அவர் அறுக்க மாட்டார். உருண்டை தொங்கத் தொங்கக் கொண்டுபோய் நிற்பார். யாருக்கான பொருளோ அவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து அறுக்கச் சொல்வார். இட்லிக் கடைக் குழந்தைக்கு மூன்று மாதம். அதன் விரலைக் கத்தரிக்கோலின் மேல் வைத்து அதன் அம்மா அறுத்தாள். அறுத்த பிறகுதான் அது அவர்களுடையது என்பார்.

எனக்கு டெல்லியில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதன் பிறகு நிரந்தரம். சென்ட்ரலில் ரயிலேற்ற எல்லோரும் வந்தீர்கள். அப்பா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, "அங்க குளுராமே. ஸ்வெட்டர் நான் போட்டுத் தரேன். கடையில வாங்கித் தொலைக்காத" என்றார். நிறுத்தத்தில் அதையும் கிண்டல் செய்தார்கள் என்று மீனா சொன்னாள். "மெட்ராஸ்ல ஸ்வெட்டர் போடற ஒரே ஆட்டோக்காரன் நம்ம அண்ணன்தான்" என்றாராம் பாஷா மாமா.

இரண்டாம் மாதம் வீடியோ அழைப்பில் அப்பா மொட்டைத் தலையோடு வந்தார். மேலே நீல உல்லன் தொப்பி. எனக்குச் சிரிப்பு.

"இன்னாப்பா கோலம் இது?"

"திருப்பதி போய் வந்தேன் நைனா. உனக்கு வேல பர்மனென்ட் ஆவணும்னு வேண்டிகினேன். முடிய குடுத்துட்டேன்."

"வெயில்ல தொப்பி வேறயா?"

"மண்ட கூசுதுடா."

அடுத்த வாரம் லட்டும் வந்தது. எங்கள் அலுவலகத்தில் பதினான்கு பேருக்குப் பங்கு வைத்தேன். எங்கப்பா எனக்காக முடி கொடுத்தார் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அந்த லட்டு உண்மையாகவே திருப்பதி போய் வந்த பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது என்று பிறகு அறிந்தேன்.

டிசம்பரில் ஸ்வெட்டர் வந்தது. மயில் கழுத்து நிறம். பிரித்ததும் நானும் கழுத்தில்தான் வைத்துப் பார்த்தேன், குத்தவில்லை. போட்டுப் பார்த்தபோது உடம்பு கச்சிதமாக இருந்தது. இடது கை மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை முன்பே நின்றுவிட்டது. வலது கை விரல்களையும் மூடிக்கொண்டு தொங்கியது. ஒரு கையில் பின்னல் கல்லாக இறுகியிருந்தது, இன்னொன்றில் விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அலுவலகத்தில் சிரித்தார்கள். மாலையில் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். நிறுத்தத்தில் இருக்கிறேன் என்றார். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"என்னப்பா, ரெண்டு கையும் ரெண்டு அளவா கீது? பாத்தவங்கல்லாம் சிரிக்கிறாங்க."

"கண்ணாடி மாத்தணும் நைனா. கண்ணு மங்கிகினே போவுது" என்றார்.

"அவசரப்பட்டு ஏன்பா போடறீங்க? நீங்க இவ்ளோ கேர்லெஸ்ஸா செஞ்சி நான் பாத்ததே இல்ல."

"அடுத்த தபா சரியா போட்டுர்றேன்பா."

அவரோடு நான் பேசிய கடைசி நீளமான பேச்சு அது. பிறகு பேசியதெல்லாம் சாப்பிட்டியா, சாப்டேன் என்பதுதான். குரல் கம்மியதற்கும் பனிதான் காரணம் என்றார்.

ஜனவரியில் ஒரு மதியம் மீனா அழைத்தாள். "அண்ணா, உடனே கெளம்பி வா. அப்பாக்கு முடியல." என் வாழ்க்கையில் முதல் விமானப் பயணம் அன்றுதான். சென்னை விமான நிலையத்துக்கு வெளியே ஏழுமலை மாமா அப்பாவின் ஆட்டோவோடு நின்றார். கிண்டி தாண்டியதும் கேட்டேன், "எந்த ஆஸ்பத்திரி மாமா?" அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை. அடையாறு பாலம் வந்தது, வண்டி எந்த மருத்துவமனைப் பக்கமும் திரும்பவில்லை. நேராக வீட்டுப் பக்கம் போனது. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

காரியங்கள் நடந்தன. நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். மூன்றாம் நாள், இறப்புச் சான்றுக்காக அப்பாவின் ஆதார் அட்டையைத் தேடியபோது பீரோவுக்குப் பின்னால் ஒரு பச்சைப் பை கிடைத்தது. உல்லன் நூலில் பின்னி, அப்பாவின் பழைய சட்டைப் பொத்தானை வைத்து மூடிய பை. உள்ளே மருத்துவமனைக் கோப்பு. வயிற்றில் புற்று. முதல் அறிக்கையின் தேதியைப் பார்த்தேன். நான் ரயிலேறியதற்கு ஒன்பது நாள் முன்பு.

அந்தப் பையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் இரண்டு வரி வெள்ளை நூலில் அழகு வைத்திருந்தார். என்னிடம் மறைத்த காகிதத்துக்கு, உட்கார்ந்து, நிறம் பார்த்து, உறை போட்டிருக்கிறார். அந்தக் கோப்பில் இருந்த ஒரு வார்த்தையும் அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவனிடம் காட்டவில்லை. பன்னிரண்டாவது முடித்து அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்த மீனாதான் எல்லாவற்றையும் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

"சத்தியம் வாங்கிகினாருண்ணா. அம்மா தலயில கை வெக்கச் சொல்லி" என்று அழுதாள்.

அம்மாவிடம் கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ வந்துருப்ப" என்றார்கள்.

"வந்துருப்பேன்."

"வேலைய உட்டுட்டு வந்துருப்ப."

"ஆமா."

"அதான் சொல்லல."

பதினாறாம் நாள் உங்களில் பலர் இருந்தீர்கள். நான் கத்தியதையும் கேட்டீர்கள். அதற்கு முன்னால் நடந்ததைச் சிலர் பார்த்திருக்க மாட்டீர்கள். தலையில் ரோஸ் நிற உல்லன் தொப்பியோடு ஒரு அம்மா உள்ளே வந்தார். அப்பாவோடு ஒரே நாளில் மருந்து ஏற்றிக்கொண்டவர். தொப்பி அப்பா பின்னியது. அந்த வார்டில் இருபது பேருக்கு மேல் அப்பா தொப்பி போட்டுக் கொடுத்தாராம். முடி கொட்டியவர்கள் எல்லோரும் வரிசையாக நிறம் நிறமாகத் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார்களாம். நர்ஸ் அதை 'பூக்கட' என்று கூப்பிடுவாராம். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"நீதானே டெல்லி புள்ள? வேல பர்மனென்ட் ஆயிடுச்சாப்பா? நாங்கல்லாம் அதுக்குத்தான் காத்துகினு இருந்தோம்."

வார்டு முழுக்கத் தெரிந்திருக்கிறது. நர்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. மாத்திரைக்காகக் காலையில் சீக்கிரம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த இட்லிக் கடை அக்காவுக்கு, லட்டு கொடுத்த பக்கத்து வீட்டுக்கு, நிறுத்தத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. "எங்கப்பாவுக்கு என்னன்னு ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? எல்லாரும் சேந்து என்ன ஏமாத்திட்டீங்க" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஏழுமலை மாமா எழுந்தார்.

"தம்பி, கத்தாத. அந்த ஸ்வெட்டர்ல ரைட்டு கை நான் போட்டது."

எனக்குப் புரியவில்லை.

"லெஃப்ட்டு நானு" என்றார் பாஷா மாமா.

மருந்து ஏற ஏற அப்பாவுக்கு விரல் நுனி மரத்துவிட்டதாம். ஊசியைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்றே தெரியாதாம். ஸ்வெட்டரின் உடம்பு முடிந்தது, கை இரண்டும் பாக்கி. பஸ் உரசிக் கை முறிந்தபோதுகூட அழாதவர் அன்று ஆட்டோவுக்குள் உட்கார்ந்து அழுதாராம். அப்போதுதான் இவர்கள் இரண்டு பேரும் ஊசியை வாங்கியிருக்கிறார்கள்.

"அண்ணன் பின் சீட்ல சாஞ்சிகினு சொல்வாரு, நாங்க போடுவோம்" என்றார் பாஷா மாமா. "சவாரி வந்தா, 'இரும்மா, இந்த வரிய முடிச்சிட்டு வரேன்'னு சொல்வோம். அதுங்க வேற ஆட்டோ பாத்துகினு போய்டும்."

"இவன் ஊசிய புடிச்சது ஸ்பேனர் புடிச்ச மாரி. அவ்ளோ இறுக்கம்" என்றார் ஏழுமலை மாமா.

"நீ போட்டது கொசுவலடா. பேசறியா?"

"பையன் கை அளவுக்குப் போடுங்கடான்னாரு அண்ணன். பையன் டெல்லில கீறான். அளவுக்கு எங்க போறது? நான் என் கைய வெச்சி பாத்துக்கினேன்."

"நானும் என் கையத்தான் வெச்சிகினேன். இவன் கைய பாக்கல."

ஏழுமலை மாமா ஆறடிக்கு மேல். பாஷா மாமா அவருடைய தோளுக்கும் கீழே. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது வந்ததற்காக எனக்கு இன்னும் கோபம் வந்தது.

பிறகு ஏழுமலை மாமா மெல்லச் சொன்னார். "கடைசி நூல இன்னா பண்றதுன்னு கேட்டேன். தம்பி லீவுல வந்து அறுக்கட்டும், உருண்டையோட வெச்சிர்லாம்னேன். அண்ணன் அத்தயே பாத்துகினு இருந்தாரு. அப்பறம், 'இல்ல ஏழுமல, நீயே அறுத்துடு'ன்னாரு."

இருபத்தைந்து வருடமாகக் காகிதம் தொடாத கைகள் பின்னி அனுப்பிய சேதியை, பட்டம் வாங்கிய நான் படிக்கத் தவறினேன் என்று அன்று ஒரு பெரியவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். மன்னிக்க வேண்டும், எனக்கு அது ஆறுதலாக இல்லை. அது சேதியே இல்லை. சேதி தெரியாமல் இருக்கத்தான் அவ்வளவு பாடுபட்டுப் பின்னியிருக்கிறீர்கள். நான் அந்தக் கைகளைப் பழித்து ஃபோனில் பேசியபோது அந்த இரண்டு பேரும் அப்பாவின் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுகூடச் சொல்லவில்லை. அப்பா என் முன்னால் பழியை ஏற்றுக்கொண்டார். கேர்லெஸ் என்று சொன்ன என் வாயை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்பா போன பதினெட்டாம் நாள் வேலை நிரந்தரமான கடிதம் வந்தது. அதை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. ஆறு மாதம் கழித்து சென்னையிலேயே வேறு வேலை தேடிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதோடு முடித்திருப்பேன். மூன்று மாதம் முன்பு நடந்த ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. பாஷா மாமா ஒரு காலை வீட்டுக்கு வந்து ஒரு உறையை நீட்டினார். "படிச்சி சொல்லு தம்பி." படித்தேன். இதய ரத்தக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, அறுவை செய்ய வேண்டும். மெதுவாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். அவருடைய மகள் ஷபானா கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். இறுதி ஆண்டு.

"பரீச்சைக்கு ஒரு மாசம் கீது. உனக்குத்தான் அடிக்கடி ஃபோன் பண்ணுவா. கேட்டா, அத்தாவுக்கு சுளுக்குன்னு சொல்லிடு. அவ படிச்சி முடிச்சி வரட்டும்."

"சரி மாமா" என்றேன்.

யோசிக்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், சரி என்று வந்துவிட்டது. ஒரு வருடமாக உங்கள் எல்லோர் மேலும் நான் சுமத்திக்கொண்டிருக்கும் குற்றத்தைச் செய்ய எனக்கு அரை நிமிடம்தான் தேவைப்பட்டது. அவர் போன பிறகு குளத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். பிறகு படியில் உட்கார்ந்து ஷபானாவுக்கு ஃபோன் செய்தேன்.

"அத்தா காலைலகூட பேசினாரேண்ணா. சுளுக்குன்னாரு."

"சுளுக்கு இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நர்சிங் மாணவி, என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டாள். பிறகு கேட்டாள். "என்கிட்ட சொல்ல வேணாம்னுதானே சொல்லியிருப்பாரு?"

"ஆமா. சரின்னும் சொல்லிட்டேன்."

"அப்பறம் ஏண்ணா சொன்னீங்க?"

என்ன செய்வது என்பதை அவளே முடிவு செய்தாள். அறுவைக்கு முதல் நாள் வந்தாள், பதினோரு நாள் இருந்தாள், மருத்துவமனையில் படுக்கைக்கு அருகே புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தாள், போய்ப் பரீட்சை எழுதினாள். ஒரு தாளில் தேறவில்லை. திரும்ப எழுதப் போகிறாள்.

அவள் வந்து நின்ற அன்று பாஷா மாமா என்னை வாசலில் பிடித்துக்கொண்டார். "உன்ன நம்பித்தானேடா சொன்னேன். துரோகி. உங்கப்பன் இருந்தா இப்டி பண்ணுவானா?"

"பண்ண மாட்டாரு மாமா."

இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார், பாதி நாள் ஆட்டோ ஓட்டுகிறார். இதை மலரில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. நீ எத்த மறச்ச, இத்த மறைக்க" என்றார்.

இனி நன்றி.

ஆறு மாதம் அப்பாவை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்று, வெளியே காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்ட குளத்தோர நிறுத்தத்து மாமாக்கள் அனைவருக்கும் நன்றி. விடியற்காலையில் கஞ்சி காய்ச்சிய இட்லிக் கடை அக்காவுக்கு நன்றி. அப்பாவை ஒரு நாளும் நோயாளி என்று அழைக்காமல் 'தொப்பிக்காரர்' என்று அழைத்த வார்டு நர்ஸ் அம்மாவுக்கும், அங்கே அவரோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் நன்றி. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஃபோனில் எனக்குச் சிரித்துப் பேசிய அம்மாவுக்கும், தனியாக அந்தக் கோப்பு முழுவதையும் படித்த மீனாவுக்கும் நன்றி. அந்த இரண்டு கைகளைப் பின்னிய ஏழுமலை மாமாவுக்கும் பாஷா மாமாவுக்கும் நன்றி. உங்கள் வேலையைப் பழித்ததற்கு என்னை மன்னியுங்கள். நீங்கள் அத்தனை பேரும் இல்லாவிட்டால் அப்பா அந்த மாதங்களை அவ்வளவு நிம்மதியாகக் கழித்திருக்க மாட்டார். இதை மனதாரச் சொல்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஷபானா வந்துசேர எட்டு மணி நேரம் ஆனது. டெல்லியிலிருந்து சென்னைக்கு விமானம் மூன்று மணி நேரம். ஆறு மாதம் இருந்தது. உங்களில் யாராவது ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

இப்படிக்கு,
மகன்